ஆர்கானிக் டீ-சர்ட் – கடிதம்

வணக்கம் சார்,

நானும் மனைவியும் கோவையிலிருந்து ஆன்லைனில் டீ-சர்ட் விற்கிறோம். ஆர்கானிக் பருத்தி நூல்தான் வாங்குகிறோம். சாயம், தையல் எல்லாம் திருப்பூரில் ஜாப் ஒர்க். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று லேபிளில் போடலாமா? நண்பர் ஒருவர் அது ஏமாற்று வேலை என்கிறார்.

கே.

அன்புள்ள கே.,

நண்பர் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டார். ஆனால் நூலோடு நிறுத்திக்கொண்டால் அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. திருப்பூரின் வயிற்றெரிச்சல் பருத்திக்காட்டில் இல்லை, சாயப்பட்டறையில் இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நொய்யல் ஆறு கெட்டது.

பருத்தி நூலோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும் ‘ரீஆக்டிவ்’ சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் கருப்புக்கு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரை போடுவார்கள். கிலோ துணிக்கு எட்டு லிட்டர் என்று வைத்தாலும் 640 கிராம். ஒரு டீ-சர்ட்டுக்கு நூறு கிராமுக்கு மேல் வருகிறது! அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அதைப் பிரிக்க முதலில் ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி, பிறகு காய்ச்சி வற்றவைக்கும் எந்திரம். இரண்டும் காசைத் தின்னும். வெளிர் நிறத்துக்கு இதில் பாதி உப்புகூட வேண்டாம். சாயமே ஏற்றாத பருத்தி நிறத்தில் இரண்டு டிசைன் போட்டுப் பாருங்களேன். பட்டறைக்காரரிடம் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

லேபிளில் ‘ஆர்கானிக் பருத்தி நூல்’ என்று மட்டும் போடுங்கள். ஆர்கானிக் துணிக்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஓ.சி.எஸ். (ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட்) பஞ்சைப் பற்றி மட்டுமே பேசும். ஜி.ஓ.டி.எஸ். (குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட்) சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை வரை பார்க்கும். ஆனால் நூலுக்கு அது இருப்பதால் சட்டைக்கு வந்துவிடாது. நடுவிலுள்ள ஒவ்வொரு பட்டறைக்கும் சான்று வேண்டும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் கூலி பற்றி ஒரு வரிகூட இல்லை. வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுத்து திங்கட்கிழமை சரக்குக் கேட்டால் அங்கே யாரோ ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பதிவு செய்த சிறு பட்டறைக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் அதுவரை இழுக்க வேண்டாம். தைத்துக் கொடுப்பவர் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டியவர். வெள்ளிக்கிழமையே பில்லில் பாதியாவது அவர் கணக்கில் போட்டுவிடுங்கள்.