ரூப்குண்டின் எலும்புகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். எல்லோரும் போகும் ஊட்டியும் மணாலியும் சலித்துவிட்டன. ஆண்டுக்கு ஒரு விசித்திரமான இடத்துக்குச் சென்று அதன் கதையைக் காணொளியாகப் பதிவுசெய்ய எண்ணுகிறேன். துர்க்மெனிஸ்தானின் எரியும் பள்ளம், ஜப்பானின் ஹஷிமா என்னும் பேய்த் தீவு, உத்தரகண்டின் ரூப்குண்ட் எலும்பு ஏரி ஆகியவை என் பட்டியலில் உள்ளன. ரூப்குண்டில் தொடங்க விருப்பம். அங்கே இறந்தவர்கள் உண்மையில் யார்? ஆலங்கட்டி மழையில் ஒரே நாளில் இறந்தார்கள் என்கிறார்கள். கிரேக்க மரபணு கிடைத்திருப்பதால் அலெக்சாண்டரின் வீரர்கள் என்றும் சொல்கிறார்கள். அங்கே முகாமிட அரசு தடை விதித்திருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு அநீதி இல்லையா? இதுபோல் இன்னும் ஐந்து இடங்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். நான் தயாரித்திருக்கும் முகப்புப் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

இடப்பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்குப் பயண நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரத்தில் ரூப்குண்ட் பற்றி 2019இல் வெளியான மரபணு ஆய்வுக் கட்டுரையைத்தான் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். அதோடு, எல்லோரும் ‘எப்படி இறந்தார்கள்’ என்று கேட்கும் இடத்தில் நீங்கள் ‘யார்’ என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அலெக்சாண்டரை ஊருக்கு அனுப்பிவைத்துவிடுவோம். அவர் கி.மு. 326இல் பஞ்சாப் வரை வந்து, பியாஸ் ஆற்றங்கரையில் படை மேலே நடக்க மறுத்ததால் திரும்பிப் போனவர். ரூப்குண்டில் அடையாளம் காணப்பட்ட கிழக்கு மத்தியதரைக்கடல் மரபினர் இறந்ததோ கி.பி. 1800ஐ ஒட்டிய காலத்தில். இடைவெளி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அவருடைய வீரர்களின் வழித்தோன்றல்கள் என்று சமாளிக்கவும் முடியாது. அத்தனை காலம் இங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்திருந்தால் உள்ளூர் மரபு கலந்திருக்கும், ஆய்வில் அப்படிப்பட்ட கலப்பு தென்படவில்லை. ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் ஒருவர் வரலாற்றைச் சொல்லக் காணொளி எடுக்கக் கிளம்புகிறார் என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

எரியும் பள்ளத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஹஷிமாவைப் பேய்த் தீவு என்று எழுதாதீர்கள். அது நிலக்கரிச் சுரங்கத்துக்காக மனிதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தீவு. போர்க்காலத்தில் கொரியர்களும் சீனர்களும் அங்கே கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1974இல் சுரங்கம் மூடப்பட்டதும் காலியானது. பேய் எங்கிருந்து வந்தது?

இனி ரூப்குண்டுக்கு வருகிறேன். சமோலி மாவட்டத்தில், திரிசூல் மலையின் அடிவாரச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 5000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குறுக்களவு 40 மீட்டர்தான் இருக்கும். ஏரி என்பதைவிடக் குட்டை என்பதே பொருந்தும். ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் அந்தக் குட்டையில் பனி உருகும் சில வாரங்களில் மட்டும் எலும்புகள் வெளியே தெரியும். 1942இல் வனத்துறை அலுவலர் ஒருவர் அவற்றைக் கண்டு தெரிவித்தபோது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, ஆகவே ஜப்பானியப் படை இமயத்தைத் தாண்ட முயன்று மடிந்தது என்று பயந்தார்கள். எலும்புகள் மிகப் பழையவை என்று தெரிந்தபின், 1841இல் திபெத்துக்குப் படையெடுத்த ஜம்முவின் தளபதி ஜோராவர் சிங்கின் ஆட்கள் என்றார்கள், துக்ளக்கின் படை என்றார்கள். பெண்களின் எலும்புகளும் கிடக்கின்றன, ஆயுதம் ஒன்றும் அகப்படவில்லை என்றபின்பும் அந்தப் படைக்கதைகள் ஓயவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பழக்கமான படை ஒன்றை அந்தக் குட்டைக்குள் இறக்கியிருக்கிறது. உங்கள் தலைமுறையின் முறைக்கு அலெக்சாண்டர்.

2004இல் சென்ற ஆய்வுக்குழு, சில மண்டையோடுகளின் உச்சியில் உருண்டையான கனத்த பொருள் மேலிருந்து விழுந்ததால் உண்டான காயங்களைக் கண்டது. காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. கிரிக்கெட் பந்தளவு ஆலங்கட்டிகள் விழுந்து ஒரு கூட்டமே அழிந்தது என்னும் விளக்கம் அப்போதுதான் பரவியது. தொலைக்காட்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு ஐதராபாத்தின் சிசிஎம்பி என்னும் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லக்னோவின் பீர்பல் சாஹ்னி தொல்லுயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோர் அடங்கிய குழு, 38 பேரின் எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஆராய்ந்து 2019 ஆகஸ்டில் கட்டுரை வெளியிட்டது. 23 பேர் தெற்காசிய மரபினர். அவர்களும் ஒரே ஊர்க்காரர்களோ ஒரே சமூகத்தினரோ அல்லர். இன்றைய இந்தியாவின் பல வகை மக்களை ஒத்திருந்தார்கள், உண்ட உணவிலும் வேறுபாடு இருந்தது. அவர்கள் இறந்தது ஏழு முதல் பத்தாம் நூற்றாண்டுக்குள், அதுவும் ஒரே நாளில் அல்ல. 14 பேர் இன்றைய கிரீஸ் நிலப்பகுதி மக்களுக்கும் கிரீட் தீவினருக்கும் நெருங்கிய மரபினர், ஆண்களும் பெண்களுமாக, தங்களுக்குள் நெருங்கிய உறவில்லாதவர்கள். அவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் இறந்திருக்கிறார்கள். எஞ்சிய ஒருவர் தென்கிழக்காசிய மரபினர், அவருடைய காலமும் இந்த 14 பேரின் காலமே. கொள்ளைநோய்க் கிருமியின் தடயம் ஏதும் கிடைக்கவில்லை.

இந்த 14 பேர் எதற்காக அங்கே வந்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. மர்மம் தீர்ந்தது என்று எழுதிய செய்தித்தாள்களைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு கேள்வியாக இருந்தது மூன்று கேள்வியாகியிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு அறிவியல் தரக்கூடிய பதில் இவ்வளவே. ஏன் இவ்வளவே என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கட்டுரையாளர்களே ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள்: பாறைச் சரிவுகளாலும், எலும்புகளைக் கையிலெடுத்துப் பார்த்து, உடனிருந்த பொருள்களில் பலவற்றைக் கொண்டுபோய்விட்ட நடைபயணிகளாலும் அந்த இடம் கலைந்துகிடக்கிறது. எந்த எலும்பு எதன் மேல் கிடந்தது, யாருடைய கையருகே யாருடைய செருப்பு இருந்தது என்பதெல்லாம் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த 14 பேரில் ஒருவருடைய கழுத்தில் ஒரு பதக்கம் இருந்து, அது ஏதோ ஒரு வீட்டின் கண்ணாடி அலமாரியில் இப்போது இருக்கலாம். அதை எடுத்துப்போனவர் அந்த ஏரியின் கதையில் அக்கறையற்றவராக இருந்திருக்க மாட்டார். உங்களைப் போல மர்மத்தின் மேல் பெரும் காதல் கொண்டு, அதற்காகவே நாள்கணக்கில் மலையேறி வந்தவராகத்தான் இருப்பார்.

தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு ஒரு குழுவோடு அங்கே போயிருந்தேன். ஏரியைப் பார்த்துவிட்டு பகுவாபாசா முகாமுக்கு இறங்கிய மாலையில், எங்களில் ஒருவரான மருத்துவர் கைக்குட்டையைப் பிரித்து ஒரு விரல் எலும்பைக் காட்டினார். தன் மேசைமேல் வைக்கப்போவதாகச் சொன்னார். கோவேறு கழுதைகளை ஓட்டிவந்த வாண் கிராமத்துப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் காலையில் சுமைகள் ஏற்றப்படவில்லை. அவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கூலியைக் கூட்டித் தருவதாகச் சொன்னோம். “பணம் இருக்கட்டும் சாப், அதை வைத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்,” என்றார். மருத்துவர் மூடநம்பிக்கை பற்றி நல்ல இந்தியில் நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். பெரியவர் அதை முழுக்க மரியாதையோடு கேட்டுவிட்டு அடுத்த பீடியைப் பற்றவைத்தார். வேறு வழியின்றி மருத்துவரும் நானும் மறுபடியும் ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபின் அவர் கரையில் இங்கும் அங்குமாக நடந்தார். எலும்பை எங்கிருந்து எடுத்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. கடைசியில் ஏதோ ஒரு கல்லின் அடியில் செருகிவிட்டு வந்தார். ஒரு மனிதரின் விரல் இன்னொருவரின் விலாவெலும்பு அருகே கிடக்கக்கூடும். அதை இனி எந்த ஆய்வாளர் எடுத்தாலும் அந்த இடம் அவருக்குப் பொய்தான் சொல்லும்.

அந்த மலைக்காரர்கள் வணங்கும் நந்தா தேவியின் கோபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தொட்டதை எடுக்காதே, கிடப்பதை நகர்த்தாதே என்று அந்தப் பெரியவர் வைத்திருந்த விதியும் தொல்லியலாளரின் விதியும் ஒன்றே. அதை மீறியவர் உடற்கூறியல் படித்தவர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய முகப்புப் படத்தில் மூன்று மண்டையோடுகள் ஒரு பாறைமேல் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவை தாமாக ஏறி உட்கார்ந்திருக்குமா? யாரோ ஒருவர் படத்துக்காக அடுக்கியிருக்கிறார். அந்தப் படத்தை நீங்கள் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதை நீக்குங்கள். அதைப் பார்த்துப் போகிற அடுத்தவர் நான்காவதாக ஒன்றைத் தேடி எடுத்து வைப்பார்.

அந்த மலைக்காரர்களுக்கு அது வேறு இடம். நந்தா அவர்கள் வீட்டுப் பெண். பிறந்தகத்துக்கு வந்த மகளைக் கைலாயத்துக்கு, கணவன் வீட்டுக்கு, வழியனுப்பி வைக்கும் ஊர்வலம்தான் ராஜ் ஜாத். நௌட்டி கிராமத்திலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் புறப்படும். முன்னால் நான்கு கொம்புள்ள ஓர் ஆட்டுக்கடா நடக்கும். 2013இல் கேதார்நாத் வெள்ளத்தால் தள்ளிப்போய் 2014இல் நடந்தது. பெண்கள் அழுதபடி பாட, ரூப்குண்டைக் கடந்து ஹோம்குண்ட் வரை மகளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்புவார்கள். இந்த யாத்திரைக்குக் கன்னோஜின் அரசன் ஜஸ்தவல் கர்ப்பிணியான மனைவியோடும் ஆடற்பெண்களோடும் ஆரவாரமாக வந்தான் என்றும், சினந்த நந்தா இரும்பு போன்ற ஆலங்கட்டிகளைப் பொழிந்தாள் என்றும் அவர்களுடைய பாட்டு சொல்கிறது. மண்டையோட்டுக் காயங்களை யாரும் அளந்து பார்ப்பதற்கு முன்பே அந்தப் பாட்டு இருந்தது. சுற்றுவட்டக் கோயில்களில் எட்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலான கல்வெட்டுகள் யாத்திரையின் பழமையைச் சுட்டுகின்றன, தெற்காசிய மரபினர் இறந்த காலமும் அதுவே. அதற்காகப் பாட்டு முழுவதும் வரலாறு என்று சொல்ல மாட்டேன். பலமுறை நிகழ்ந்த மரணங்களைப் பாட்டு ஒரே அரசனின் மேல் ஏற்றிவிட்டது என்பதே என் ஊகம். ஆனால் அந்த மக்கள் தங்கள் வழியில் இறந்தவர்களுக்கு ஒரு காரணமும் ஒரு கதையும் கொடுத்து நினைவில் வைத்திருந்தார்கள். நாம் கொடுத்தது ‘எலும்பு ஏரி’ என்ற விளம்பரப் பெயர்.

தடையைப் பற்றி: அதை விதித்தது அரசு அல்ல, உத்தரகண்ட் உயர் நீதிமன்றம். ஆலி, பேத்னி ஆகிய உயர்மலைப் புல்வெளிகள் கூடாரங்களாலும் குப்பையாலும் சீரழிவதாக உள்ளூர்க்காரர்களே தொடுத்த வழக்கில், 2018 ஆகஸ்டில், புல்வெளிகளில் இரவு தங்குவது தடைசெய்யப்பட்டது. இதனால் சுமைகூலிகளும் சமையல்காரர்களும் கழுதைக்காரர்களும் வருமானம் இழந்தார்கள். அநீதி என்று பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு. வார விடுமுறையில் போக முடியவில்லையே என்பவர்களுக்கு இல்லை.

போகத்தான் வேண்டுமென்றால் ஏரியை விட்டுவிட்டு வாண் வரை போங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஆண்டுதோறும் குரூர் கிராமத்து நந்தாவின் பல்லக்கு பேத்னி வரை போய் வரும் சிறிய ஜாத் நடக்கிறது. அந்தக் கூட்டத்தோடு நடக்க இடம் கிடைக்குமா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்த பிறகு கேமராவை எடுங்கள். கழுதைக்காரர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மற்ற ஐந்து இடங்களை நீங்களே படித்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.