கோதுமை தீனிக்கு என்ஸைம் டப்பா வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்காவுல டோங்காட்ல 400 ப்ராய்லர் (கறிக்கோழி) வளக்கிறேன். மீலி (மக்காச்சோளம்) விலை ஏறிடுச்சேன்னு இந்த பேட்ச்சுக்கு பாதிக்கு மேல கோதுமைய போட்டு நானே தீனி அரைச்சேன். ரெண்டு வாரத்துல எச்சம் பசை மாதிரி ஒட்டுது, தரையில போட்ட மரச்சீவல் ஷேவிங்ஸ் எல்லாம் நசநசன்னு கெடக்கு. தீனிக் கடையில ஒரு என்ஸைம் (செரிமானத்துக்கு உதவுற நொதி) டப்பாவ காட்டி இத கலந்தா சரியாயிடும்ங்கறாங்க. வாங்கலாமா, இல்ல ஏமாத்துறாங்களா?

பதில்: ஏமாத்து வேலை இல்ல தம்பி, ஆனா டப்பாவ திருப்பிப் படிக்காம காச எடுக்காதீங்க. கோதுமையில அராபினோசைலன்னு ஒரு நார் இருக்கு, அது குடல்ல தண்ணிய பிடிச்சு கஞ்சி மாதிரி கொழகொழன்னு ஆயிடும், கோழிக்கு அத உடைக்க சொந்தமா என்ஸைம் கெடையாது, அதனால தின்ன மாவும் கொழுப்பும் ஒழுங்கா செரிக்காம எச்சத்தோட போயிடுது, சின்ன குஞ்சுங்க தான் இதுல ரொம்ப அடி வாங்கும். அந்த நார வெட்டுறது சைலனேஸ்ங்கற என்ஸைம். டப்பாவுல அந்தப் பேரு இருக்கணும். ஃபைட்டேஸ்ங்கற வேற என்ஸைம் மட்டும் போட்டிருந்தா அது தீனியில இருக்கற பாஸ்பரஸுக்கு, உங்க பிரச்சனைக்கு இல்ல. முழு மீலி தீனின்னா சைலனேஸ் போட்டாலும் பெருசா வித்தியாசம் தெரியாது.

அடுத்து, நம்ம நாட்டுல தீனிகள பதியுற 1947ஆம் வருஷத்து 36ஆம் நம்பர் சட்டத்துல பதிஞ்ச 'வி' (V) நம்பர் லேபிள்ல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா டப்பாவ அங்கயே வெச்சிட்டு வாங்க. இதுல என்ஸைம் வீரியத்த அளக்குற யூனிட் ஜாஸ்தின்னு சொன்னா மயங்கிடாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி யூனிட் அளக்குற விதமே வேற, ஒரு டன் தீனிக்கு எத்தன கிராம் போகும், அதுக்கு எத்தன ரேண்ட் ஆகும், அத வெச்சு ஒப்பிடுங்க. கடை ஜன்னல் வெயில்ல கெடந்த டப்பா வேணவே வேணாம், நம்ம பக்கத்து புழுக்கத்துலயும் சூட்டுலயும் வீரியம் போயிடும்.

கலக்குறதுல தான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க. டன்னுக்கு 100 கிராம்னு போட்டிருந்தா 50 கிலோவுக்கு வெறும் 5 கிராம்! ஸ்பூன்ல அள்ளாதீங்க, சின்ன டிஜிட்டல் தராசுல நிறுத்து, மொதல்ல ஒரு கிலோ மாவுல நல்லா கலந்து, அத 5 கிலோவுல கலந்து, அப்புறமா மூட்டை முழுசுக்கும் கலங்க. நேரா கொட்டுனா ஒரு கோழிக்கு எல்லாம், இன்னொண்ணுக்கு ஒண்ணுமில்ல.

ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி கோழி தண்ணி குடிக்கிற நிப்பிள் ஒழுகுதா, தீனியில உப்பு கூடிடுச்சான்னு பாத்துடுங்க, அதுக்கும் ஷேவிங்ஸ் நனையும். எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா காக்சிங்கற குடல் நோயா (காக்சிடியோசிஸ்) இருக்கலாம், அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட போங்க, அதுக்கு என்ஸைம் மருந்தில்ல. டப்பா கைக்கு வர்ற வரைக்கும் கோதுமைய கொறச்சு மீலிய ஏத்துங்க, நனைஞ்ச ஷேவிங்ஸ இன்னைக்கே அள்ளிட்டு காஞ்சத போடுங்க, அந்த ஈரத்துலயே நின்னா பாதம் வெந்து புண்ணாயிடும்.