வயசான பூனையும் சிறுநீரக வருத்தமும்: கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில்): டொக்டர், எங்கட பெட்டைப் பூனைக்கு 14 வயசு. கொஞ்ச நாளாத் தண்ணி கனக்கக் குடிக்குது, மெலிஞ்சும் போச்சு. சாப்பாடு பழையபடி தின்னுது. வயசு போனதாலதானே? இன்னும் இரண்டு பூனையும் ஒரு நாயும் வீட்டில நிக்குது.

பதில்: வயசு ஒரு வருத்தமில்லைப் பிள்ளை. தண்ணி விடாயும் மெலிவும் சேர்ந்து வந்தா மூண்டைத் தேட வேணும்: சிறுநீரகம், சலரோகம், தைரொயிட். நல்லாத் தின்னுகொண்டே மெலியிற பூனையில தைரொயிட்டை விட்டிடக் கூடாது. இரத்தத்தோட சலத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ. இரத்தத்தில கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவு) ஏறிக் காட்டேக்க சிறுநீரகத்தின்ர முக்கால்வாசி வேலை போயிருக்கும். சலம் தண்ணியாப் போறது அதுக்கு முதலே தெரியும். பிரஷரையும் பாக்கச் சொல்லுங்கோ. பிரஷர் கூடித் திடீரெண்டு கண் தெரியாமப் போற பூனைகள் இருக்கு.

கன சீவன் நிக்கிற வீட்டில ஆர் குடிச்சது, ஆர் சத்தி எடுத்தது எண்டு பிடிபடாது. இரண்டு நாளைக்கு அவளைத் தனி அறையில, தனிக் கோப்பை, தனி மண் பெட்டியோட வைச்சுப் பாருங்கோ. கிழமைக்கு ஒருக்கா மரக்கறி நிறுக்கிற டிஜிற்றல் தராசில கூடை வைச்சு நிறுத்து எழுதுங்கோ. 4 கிலோப் பூனை 400 கிராம் குறையிறது, 60 கிலோ ஆள் 6 கிலோ குறையிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

சிறுநீரகம்தான் எண்டு வந்தா, பொஸ்பரஸ் குறைஞ்ச சாப்பாடு குடுக்கச் சொல்லுவினம். அதை வளர்ந்த மற்றப் பூனையள் கொஞ்சம் தின்னுறதால மோசமில்லை; குட்டியளுக்குக் கூடாது. காலமையும் பின்னேரமும் கதவைச் சாத்தி அவளுக்குத் தனியா வையுங்கோ, நாய் வெளியில நிக்கட்டும். மேசைக்கு மேல வைக்கிறதெண்டா ஏற ஒரு பெட்டி போடுங்கோ, வயசான மூட்டு நோகும். புதுச் சாப்பாட்டைப் பழையதோட கலந்து, இரண்டு மூண்டு கிழமை எடுத்து மாத்துங்கோ. சத்தி எடுக்கிற நாளில தொடங்கினா அந்த மணத்தையே வெறுத்திடும். புதுசை மறுத்தாப் பழையதைக் குடுங்கோ. நல்ல சாப்பாட்டைத் தின்னாமக் கிடக்கிறதிலும் பாக்க, மோசமானதைத் தின்னுறது மேல்.

கேள்வி (சாவகச்சேரி): பூனைக்கு உடம்பு சுடுது. அரைப் பனடோல் குடுக்கவோ அன்ரி?

பதில்: குடுக்காதேங்கோ. பூனையின்ர ஈரலால பரசிற்றமோலை முறிச்சு வெளியேத்த ஏலாது. இரத்தம் மண்ணிறமாகி ஒட்சிசன் காவாது. முரசு நிறம் மாறும், முகமும் பாதமும் வீங்கும். அரைக் குளிசையே உயிரை எடுக்கக் காணும். ஏற்கெனவே குடுத்திட்டீங்களெண்டா இதை வாசிக்காமல் உடனே கொண்டு ஓடுங்கோ, மாற்று மருந்து இருக்கு.

கேள்வி (வட்டுக்கோட்டை): நாங்கள் சைவம். கிட்னி வருத்தத்துக்குப் புரதம் குறைக்க வேணுமாம். அப்ப பால்சோறும் தயிர்ச்சோறும் நல்லதுதானே?

பதில்: இல்லை ஐயா. பூனை இறைச்சி தின்னப் பிறந்த சீவன். டோரின் எண்ட சத்து மரக்கறியில இல்லை, பாலில இருக்கிறது காணாது. அது குறைஞ்சா விழித்திரை பழுதாகும், இதயம் வீங்கும். இதய வருத்தத்துக்கும் டோரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல நிறுவப்பட்டது. சிறுநீரகச் சாப்பாட்டிலும் விலங்குப் புரதம் இருக்கு, அளவுதான் மட்டு. பாலால வயித்தாலை போனா, ஏற்கெனவே நீர் வத்தின உடம்பு இன்னும் வத்தும்.

கேள்வி (நல்லூர்): இதை நான் ஏற்கமாட்டன். அம்மம்மாவின்ர பூனை பால்சோறு திண்டே நெடுங்காலம் இருந்ததே?

பதில்: அம்மம்மா பால்சோறு வைச்சா. எலி, பல்லி, அணில் எல்லாத்தையும் பூனை வளவுக்குள்ள தானே பிடிச்சது. இப்ப மதிலுக்குள்ள, பல்லு விழுந்து நிக்கிற பூனைக்கு நீங்கள் வைக்கிறது மட்டும்தான் சாப்பாடு.

கேள்வி (வட்டுக்கோட்டை, திரும்பவும்): அடுப்படியில மீன் அவிக்க ஏலாது டொக்டர். அம்மா விடமாட்டா.

பதில்: அம்மாவை நோகடிக்க வேண்டாம். கடையில வாங்கிற பூனைச் சாப்பாட்டை அவிக்கத் தேவையில்லை. பின் விறாந்தையில தனிக் கோப்பை, தனிக் கரண்டி, கழுவ வெளிப்பைப். உங்கட விரதமும் கெடாது, பூனையும் பட்டினி கிடவாது. நாய்ச் சாப்பாட்டை மட்டும் போட்டுச் சமாளிக்காதேங்கோ, அதிலும் பூனைக்கு வேண்டிய டோரின் இராது.

கேள்வி (உரும்பிராய்): எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு. அதாலதானோ கிட்னி போச்சு?

பதில்: அப்பிடிச் சொல்ல ஆதாரம் இல்லைத் தம்பி. கொதிக்க வைச்சு ஆறினதைக் குடுங்கோ, ஆனா கனக்கக் குடிக்க விடுங்கோ. மண் பெட்டிக்குத் தள்ளி நாலைஞ்சு இடத்தில கோப்பை வையுங்கோ, சாப்பாட்டிலயும் தண்ணி கலவுங்கோ.

கேள்வி (குருநகர்): கருவாடு?

பதில்: உப்பு. வேண்டாம். சூடை மீனை வெங்காயமும் உப்பும் போடாமல் அவிச்சு, ருசிக்கு மட்டும் கொஞ்சம்.

கேள்வி (மானிப்பாய்): குளிசை கூடாதெண்டா பிள்ளையளின்ர பனடோல் சிரப்பில இரண்டு துளி?

பதில்: சிரப்பும் அதே மருந்துதான். சாவகச்சேரிக்குச் சொன்னதை வாசியுங்கோ. இபுபுரோபன், டைக்குளோபெனக் குளிசையளும் கூடாது. இன்னொண்டு: நாயின்ர முதுகில விடுற உண்ணி மருந்தில பெர்மெத்ரின் இருக்கோ எண்டு பாருங்கோ. அந்த நாயோட ஒட்டிப் படுக்கிற பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும், சாகவும் கூடும்.

கேள்வி (லண்டன்): அம்மா கோண்டாவிலில தனிய. பூனைக்கு வீட்டிலயே சேலைன் ஏத்தலாமோ?

பதில்: தோலுக்குக் கீழ ஏத்தலாம், நாளத்தில இல்லை. அளவை வைத்தியர் சொல்ல வேணும். இதய வருத்தம் இருந்தா ஆபத்து. தோள்மூட்டுக்கு நடுவில தோலைக் கூடாரமாத் தூக்கி ஊசியைப் போடுறது. ஒவ்வொரு முறையும் புது ஊசி. ஒராள் பிடிக்க வேணும், பக்கத்து வீட்டில ஆரையும் பழக்கி விடுங்கோ.

கேள்வி (காரைநகர்): கிளிக்குச் செட்டை கொட்டுது.

பதில்: பறவை எனக்குப் பழக்கமில்லை. அரச மிருக வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): கடுவன், 12 வயசு, கொழுத்த பூனை. முந்தநாள் தொட்டு ஒண்டும் தின்னேல்லை. மண் பெட்டிக்கை போய்ப் போய்க் குந்துது. திங்கள் மட்டும் பாக்கவோ?

பதில்: பாக்காதேங்கோ. கொழுத்த பூனை இரண்டு மூண்டு நாள் பட்டினி கிடந்தா ஈரலில கொழுப்பு ஏறும். அதிலும் அவசரம் சலம். குந்தியும் சலம் வரேல்லையெண்டா வழி அடைச்சிருக்கும், ஒண்டிரண்டு நாளில உயிர் போயிடும். மண் நனைஞ்சிருக்கோ எண்டு இப்பவே தொட்டுப் பாருங்கோ. காய்ஞ்சிருந்தா விடியும் வரைக்கும் நிக்க வேண்டாம், ஓட்டோவைக் கூப்பிடுங்கோ.