நில அங்கீகார உரை முடிந்த பிறகு என்ன செய்வது?

கனடாவின் ரொறொன்ரோவில், ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஆரம்பப் பாடசாலை ஒன்றில் துணை அதிபராக இருக்கிறேன். காலையில் ஒலிபெருக்கியில், இந்த நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுடையது என்று சொல்லும் நில அங்கீகார உரையை வாசிக்கிறோம். வதிவிடப் பாடசாலைகளில் துன்புற்ற பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவாக செப்டம்பர் 30 அன்று எல்லோரும் செம்மஞ்சள் சட்டை போடுகிறோம். அதோடு சரி. பூர்வகுடி மக்களின் பார்வையையும் மொழியையும் வகுப்பிலும் பாடசாலை நிர்வாகத்திலும் உண்மையாகக் கொண்டுவர விரும்புகிறேன். ஆனால் தன்னைப் பூர்வகுடி என்று பதிந்த பிள்ளைகள் எங்களிடம் ஒருவரோ இருவரோதான். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இதைச் செய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எங்கே தொடங்குவது?"

உரிமை பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலர் அங்கேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். ரொறொன்ரோ நகரம் இருக்கும் நிலம் 13ஆம் இலக்க ஒப்பந்தத்துக்கும் 1923இல் கையெழுத்தான வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்கும் உட்பட்டது. ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு உண்டு. ஒரு தரப்பு முதற்குடியினர் எனப்படும் பூர்வகுடிச் சமூகங்கள், மற்றது அரசு. நாம் இங்கே வீடு வாங்குவதும் வேலை செய்வதும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் அந்த இரண்டாவது தரப்பில் நின்றுகொண்டுதான். 2021 ஜூனிலிருந்து கனடியக் குடியுரிமை உறுதிமொழியில் முதற்குடியினர், இனுயிட், மெட்டி ஆகிய மூன்று பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் மதிக்கும் வாசகம் சேர்க்கப்பட்டிருக்கிறது. வதிவிடப் பாடசாலைகளின் வரலாற்றை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 செயல் அழைப்புகளில் கடைசி அழைப்பு அதுதான். புதிதாக வருபவர்களையும் மனதில் வைத்துத்தான் அதைக் கேட்டார்கள். ஆகவே இது உங்கள் வேலையும்தான்.

மொழியை இழப்பதென்றால் என்ன என்று நமக்குத் தெரியும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் எந்தப் பெற்றோருக்கும் தெரியும். அந்த உணர்வு உங்களுக்கு உதவும். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். நம் பிள்ளை இங்கே தமிழை மறந்தாலும் தமிழுக்கு ஊர் இருக்கிறது, கோடிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பூர்வகுடி மொழிகளான ஒனைடாவுக்கோ கயூகாவுக்கோ போய் அண்டிக்கொள்ள அப்படி வேறொரு தாயகம் கிடையாது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவில் எழுபதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், அவற்றில் ஒன்றில் உரையாடக்கூடியவர்கள் ஏறத்தாழ 2,37,000 பேர்தான். அந்த மொழிகள் தானாகத் தேயவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, வலிந்து தேய்த்தார்கள். கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டதே 1990களில்தான். ஆணைக்குழுவின் தலைவராக இருந்த மரி சின்க்ளேயர், இந்த நிலைக்குக் கொண்டுவந்தது கல்விதான், இதிலிருந்து மீட்கப்போவதும் கல்விதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். பாடசாலை என்ற சொல்லே சில குடும்பங்களுக்கு இன்றும் ஏன் கசக்கிறது என்பதை உங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

இனி, ஒரு தமிழராக உங்களிடம் ஏற்கனவே இருக்கும் ஒரு சாவியைச் சொல்கிறேன். பெரும் ஏரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்களின் மொழியில் 'கீனவிந்த்' என்றால் நாம், 'நீனவிந்த்' என்றால் நாங்கள். கேட்பவரைச் சேர்த்துச் சொல்வதற்கும் சேர்க்காமல் சொல்வதற்கும் நம்மைப் போலவே தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இந்த வேறுபாடு கிடையாது. பெயர்ச்சொற்களும் நம் திணையைப் போல இரண்டாகப் பிரிகின்றன, ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. 'அசின்' என்ற கல்லும் 'மிதிக்' என்ற மரமும் உயிருள்ளவற்றின் பக்கம். ராஸ்பெரிப் பழம் உயிருள்ளது, ஸ்ட்ராபெரி அப்படியல்ல! ஆகவே இலக்கணத்தை வைத்து மட்டும் அவர்களுடைய நம்பிக்கைகளைப் பற்றிக் கதை கட்டவும் முடியாது. ஐந்தாம் வகுப்பில் இந்த ஒரு விஷயத்தைப் பேசிப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகள் நாம்–நாங்கள் வேறுபாட்டைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மற்றப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் 'வீ' என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

உங்கள் நில அங்கீகார உரையையும் இதே கேள்வியோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் வரும் 'வீ' நாமா, நாங்களா? பெரும்பாலும் நாங்கள்தான். எழுதியவர்களும் நாங்கள், கேட்பவர்களும் நாங்கள், பேசப்படுபவர்கள் மட்டும் அவர்கள். பாடத்திட்டத்திலும் நிர்வாகத்திலும் நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் இந்தச் சொல்லில் உரசிப் பார்க்கலாம். யாரைப் பற்றிய முடிவோ, அவர் அந்த மேசையில் இருக்கிறாரா?

சரி, தொடக்கம் எங்கே? ஒன்ராறியோவில் ஒவ்வொரு கல்விச் சபையிலும் பூர்வகுடிக் கல்விக்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். சபைக்கு ஒரு செயல்திட்டமும் உண்டு. முதலில் அந்தத் திட்டத்தை வாசித்துவிட்டு அவரை அழையுங்கள். "ஒருவரை அனுப்புங்கள்" என்று கேட்க வேண்டாம். அந்தப் பொறுப்பாளர்களுக்கு செப்டம்பர் கடைசி வாரத்திலும் தேசியப் பூர்வகுடி மக்கள் நாளான ஜூன் 21ஐ ஒட்டியும் எல்லாப் பாடசாலைகளிலிருந்தும் அதே அழைப்புத்தான் வரும். நவம்பரிலோ ஜனவரியிலோ அழைத்து, "எங்கள் பாடசாலையை மூன்று ஆண்டுகளில் மாற்ற நினைக்கிறோம், எதில் தொடங்கினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள்.

பூர்வகுடிச் சமூகத்தின் மூத்தவர் ஒருவரை அழைக்கும்போது முறை உண்டு. அனிஷினாபே மரபில் புகையிலை கொடுத்துத்தான் கேட்பார்கள். இனுயிட் மக்களிடம் அந்த வழக்கம் இல்லை. ஆகவே எந்தச் சமூகத்தவர் என்பதை அறிந்து, முறை என்ன என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மதிப்பூதியத்தை வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, வந்த நாளிலேயே கையில் கொடுங்கள். படிவம் நிரப்பி ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது அவமதிப்பு. வாகனம் நிறுத்த இடம், வாசலில் காத்திருந்து அழைத்துவர ஒருவர், பேச்சுக்கு முன்னும் பின்னும் அமர்ந்திருக்க அமைதியான ஓர் அறை, இவையெல்லாம் துணை அதிபரின் வேலை. நாற்பது நிமிடப் பாடவேளை மணியடித்து அவரைப் பாதியில் நிறுத்தாதபடி அன்றைய நேர அட்டவணையைத் தளர்த்தி வையுங்கள்.

நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். ஆசிரியரான புதிதில் நான்காம் வகுப்பில் எல்லோருக்கும் கம்பியும் நூலும் கொடுத்து, கெட்ட கனவுகளைத் தடுப்பதாகச் சொல்லப்படும் நூல்வலை வளையமான கனவுப்பிடிப்பான் செய்யவைத்தேன். மாலையில் ஒரு மாணவியை அழைத்துப்போக வந்த பாட்டி, ஜன்னலில் தொங்கிய இருபத்தாறு வளையங்களையும் பார்த்துக்கொண்டே நின்றார். தன் பாட்டி அதைக் குழந்தையின் தொட்டில் பலகைக்கு மேல் கட்டுவார் என்றும், சிலந்தியின் கதையைச் சொல்லிக்கொண்டே கட்டுவார் என்றும் சொன்னார். பிறகு, "இந்தப் பிள்ளைகளுக்குக் கதையை யார் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. அந்தப் பாட்டி எங்கள் வகுப்புக்கு வாரம் ஒரு முறை வரத் தயாராக இருந்திருப்பார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கதைகளுக்கும் பருவம் உண்டு. அனிஷினாபே மரபின் குறும்புக்கார நாயகனான நானபுஷின் கதைகளைத் தரையில் பனி இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்பது பல அனிஷினாபே சமூகங்களின் வழக்கம். ஜூன் மாதத்தில் அந்தப் பாடம் வருகிறதென்றால் மாற்ற வேண்டியது உங்கள் பாடத்திட்ட ஒழுங்கைத்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதற்குடியினரே வகுத்த கற்றல் கோட்பாடுகளில் ஒன்று, சில அறிவு புனிதமானது, அனுமதியோடோ குறிப்பிட்ட சூழல்களிலோ மட்டுமே பகிரப்படுவது என்கிறது. எல்லாவற்றையும் பிரதியெடுத்துப் பயிற்சித்தாளாக்கும் பழக்கமுள்ள நமக்கு இது பழகச் சிறிது காலம் எடுக்கும்.

பாடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன்: மனோமின். ஆங்கிலத்தில் 'வைல்ட் ரைஸ்', அதாவது காட்டரிசி, என்பார்கள். நம் நெல்லின் இனம் அல்ல, ஆழம் குறைந்த ஏரி நீரில் வளரும் வேறொரு புல். ஒருவர் படகைத் தள்ள, மற்றவர் இரண்டு மெல்லிய கோல்களால் கதிரை வளைத்து மெதுவாகத் தட்டுவார். முற்றிய மணிகள் படகில் விழும். ஒரு பகுதி நீரில் விழுந்து சேற்றில் புதைந்து அடுத்த ஆண்டு முளைக்கும். அறுவடையும் விதைப்பும் ஒரே அசைவில் நடக்கின்றன. ஸ்காபரோவுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் ரைஸ் ஏரி இருக்கிறது. அந்தப் பெயரே மனோமினால் வந்தது. டிரென்ட்–செவர்ன் நீர்வழிக்காக அணைகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியபோது அங்கே மனோமின் பெருமளவு அழிந்தது. ஏன் அழிந்தது என்று கேட்டால் அறிவியல் பாடம்: தண்டின் உயரம், நீரின் ஆழம், வெளிச்சம். யாரைக் கேட்டு நீரை உயர்த்தினார்கள் என்று கேட்டால் சமூகக் கல்வி. 1923 ஒப்பந்தங்களின் பெயரால் ஏழு முதற்குடிச் சமூகங்களின் வேட்டை, மீன்பிடி உரிமைகளும் மறுக்கப்பட்டன. 2018இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு அந்த உரிமைகளை ஏற்றது. அறுவடை மாதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மனோமினிகே கீசிஸ்', மனோமின் எடுக்கும் நிலா. இங்கே மொழியும் வந்துவிட்டது. ஓர் ஏரியிலிருந்து மூன்று பாடம். இதைக் கற்பிக்க அந்தப் பகுதியின் ஆல்டர்வில், ஹயவாதா, கேர்வ் லேக் முதற்குடிச் சமூகங்களில் ஒருவரோடு சேர்ந்து திட்டமிட்டால், நாங்கள் என்பது நாமாக மாறத் தொடங்கும்.

கனடாவின் கிழக்குக் கரையோர மிக்மா மக்களின் மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல் இதை 'எதுவாப்தமும்க்' என்பார், இரு கண் பார்வை. ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் பலத்தையும் மறு கண்ணால் மேற்கத்திய அறிவின் பலத்தையும் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது. அறிவியல் ஆசிரியர்கள் தயங்கினால் இந்தக் கருத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள், எளிதில் புரிந்துகொள்வார்கள்.

வதிவிடப் பாடசாலைகளைப் பற்றிச் சிறு பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று உங்கள் ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒன்ராறியோவில் 2023 செப்டம்பரிலிருந்து 1 முதல் 3 வரையான வகுப்புகளிலும் பூர்வகுடிகள் பற்றிய பாடம் கட்டாயம். ஆறு வயதுப் பிள்ளைக்கு, ஃபிலிஸ் வெப்ஸ்டட் என்ற சிறுமிக்கு 1973இல் பாட்டி வாங்கிக்கொடுத்த செம்மஞ்சள் சட்டையை முதல் நாளிலேயே பறித்துக்கொண்டார்கள் என்பது போதும். அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் அந்தத் துயரம் மட்டுமே பிள்ளைகள் கேட்கும் ஒரே கதையாக இருக்கக்கூடாது. இன்று வாழும் மருத்துவர், ஓவியர், படகோட்டி, விஞ்ஞானி ஆகியோரை அதற்கு முன்பே பிள்ளைகள் சந்தித்திருக்க வேண்டும். பிள்ளைகள் இல்லாமல் ஆசிரியர்களை மட்டும் பயிற்சி நாளொன்றில் பிரான்ட்ஃபோர்டுக்கு அழைத்துச்செல்லுங்கள். 1970 வரை இயங்கிய மொஹாக் இன்ஸ்டிடியூட் என்ற வதிவிடப் பாடசாலையின் கட்டடம் அங்கே வுட்லண்ட் கலாச்சார மையத்தின் பொறுப்பில் இருக்கிறது.

உங்களிடமுள்ள அந்த ஒன்றிரண்டு பிள்ளைகள் பற்றி: அவர்களை வகுப்பில் எழுப்பி "உங்கள் ஆட்கள் இதை எப்படிச் செய்வார்கள்?" என்று எந்த ஆசிரியரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இரகசியமானது. பதியாத பிள்ளைகளும் நிச்சயம் இருப்பார்கள், காரணத்தோடுதான்.

நிர்வாகம் என்பது பெரும்பாலும் நாட்காட்டியும் பணமும் ஆட்சேர்ப்பும்தான். கியூபெக்கின் க்ரீ பிரதேசத்தில் வசந்தத்தில் வாத்து வேட்டைக்காகவே பாடசாலைகளை மூடுகிறார்கள், குடும்பத்தோடு நிலத்தில் இருப்பதும் கல்வி என்பதால். நோவா ஸ்கோஷியாவில் மிக்மா சமூகங்கள் 1997 ஒப்பந்தத்தின் மூலம் தங்கள் கல்வியைத் தாங்களே நடத்துகின்றன, உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் பிள்ளைகளின் விகிதம் அங்கே மிக உயர்ந்திருக்கிறது. உங்கள் பாடசாலையில் அவ்வளவு முடியாது. ஆனால் தன் சமூகத்தின் சடங்கு ஒன்றுக்குப் போன பூர்வகுடிப் பிள்ளையின் பெயருக்கு நேரே 'காரணமற்ற விடுப்பு' என்று விழாமல் பார்த்துக்கொள்ள உங்களால் இன்றே முடியும். நேர்காணல் குழுவில் சபையின் பூர்வகுடிக் கல்விப் பிரிவிலிருந்து ஒருவரை உட்காரவைக்க முடியும். நூலகத்தில் 'முன்பு வாழ்ந்தார்கள்' என்று இறந்தகாலத்தில் மட்டும் பேசும் பழைய புத்தகங்களை அகற்ற முடியும்.

கடைசியாக மொழி. சுவரில் அகராதியிலிருந்து எடுத்த சொற்களை ஒட்டுவதைச் சற்றுத் தள்ளிவையுங்கள், ஊருக்கு ஊர் வழக்கு மாறும், பேசுகிறவர் ஒருவரின் குரலிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒன்ராறியோவில் பூர்வகுடி மொழியைப் பாடமாகப் படிக்க எந்தப் பிள்ளைக்கும் வழி உண்டு, பிரெஞ்சுப் பாடத்துக்குப் பதிலாகவும் எடுக்கலாம். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பல அதிபர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கான ஆசிரியர் ஒதுக்கீடு வசந்தத்தில் முடிந்துவிடும். ஆகவே பிள்ளை இதைப் படிக்க விருப்பமா என்று பெற்றோரைக் கேட்கும் கடிதம் ஜனவரியில் போக வேண்டும், தமிழிலும் ஒரு பிரதியோடு.