கண்டக்டர் என்றால் நடத்துநரா, கடத்தியா?

கண்டக்டருக்குத் தமிழ் நடத்துநரா, கடத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் விசிலோடு நிற்பவர் நடத்துநர். மேடையில் சிறு கோலை அசைத்து வாத்தியக் குழுவை நடத்துபவரும் கண்டக்டரே. நம்மூர் நாதஸ்வரக் கச்சேரியில் அவருக்கு வேலையில்லை.

மின்சாரத்தில் கடத்தி. செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களில் வெளிப்புற எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு ஒட்டிக் கிடக்காமல் உலோகம் முழுக்க அலையும். மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு பக்கமாக நகரும், அதுதான் மின்னோட்டம். ரப்பரில் அப்படி அலைய ஆள் இல்லை. உப்புநீரில் அயனிகள் அந்த வேலையைச் செய்யும். குளச்சல் பக்கம் கடற்காற்றின் உப்புப் படிந்து ஈரமான, மின்சாரம் கடத்தாத பீங்கான் இன்சுலேட்டர் மேலேயே மின்சாரம் கசிவது அதனால்தான்.

இன்னொரு அர்த்தத்தை 2017 ஒக்கி புயலின்போது கேட்டேன். "கண்டக்டர் அறுந்து கெடக்கு, கிட்ட போவாதீங்க!" என்று லைன்மேன் கத்தினார். பக்கத்து வீட்டுப் பாட்டி, "எந்த பஸ்சுல மக்கா?" என்று பதறிவிட்டார். லைன்மேன் சொன்னது உறையில்லாத மின்கம்பியை. பிறகு வெட்டிப் போட்ட துண்டைப் பார்த்தேன்: நடுவில் எஃகு இழை, சுற்றிலும் முறுக்கிய அலுமினிய இழைகள். இழுவிசையை எஃகு தாங்கும், மின்சாரம் பெரும்பாலும் அலுமினியத்தில் போகும். அதே தடிமனில் அலுமினியம் செம்பில் சுமார் 60 சதவீதம்தான் கடத்தும். ஆனால் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விலையும் மலிவு.

இடிதாங்கியும் ஒரு கடத்திதான். பெயரில்தான் தாங்கி, உண்மையில் தாங்காமல் மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது.