மீன் பெட்டி தூக்கி இடுப்பு பிடித்ததற்கு ஸ்கேன் வேண்டுமா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டியைத் தூக்கியபடி திரும்பியதும் இடுப்பு 'சுரீர்' என்றது, ரெண்டு நாளாக நிமிர முடியவில்லை, ஸ்கேன் எடுக்கணுமா என்று கேட்டிருந்தீர்கள்.

எழுதியதைப் பார்த்தால் தசைப்பிடிப்புதான். குனிந்தால் வலி கூடும், ஒரு பக்கத் தசை கட்டையாக இறுகும், புட்டம் வரைகூட வலிக்கும். முழங்காலுக்குக் கீழே கரண்ட் அடிப்பதுபோல் இறங்கினால்தான் நரம்பைச் சந்தேகிக்கணும்.

இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். ஐஸ் வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு 3 வேளை. படுத்தே கிடந்தால் தசை இன்னும் இறுகும், மணிக்கொரு தரம் 5 நிமிடம் நடங்கள். எழும்போது நேராக எழாதீர்கள்: ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழணும். பலருக்கு மறுபடி பிடிப்பதே இங்கேதான். வலி மாத்திரை ஐபுப்ரோஃபென் என்றால் சாப்பிட்ட பிறகு. அல்சர், கிட்னிக் கோளாறு இருந்தால் தொடவே வேண்டாம். உருவி சொடக்கு எடுப்பவரிடமும் போகாதீர்கள்.

சிறுநீர் பிரியாவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் தொய்ந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அன்றைக்கே மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்விடுங்கள். மற்றபடி பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். அதுவரை பெட்டிக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள்.