தண்ணீர் மேல் தண்ணீர் குடிக்கிறாள், வயிறும் பெருத்திருக்கிறது!

கேள்வி: எங்கள் மீனாவுக்கு 11 வயது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை என்பதால் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யவில்லை. போன மாதம் ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டிருந்தாள், ஆனால் ஆண் பூனை எதுவும் கிட்டே வரவில்லை. இப்போது பாத்ரூம் மக்கில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்கிறாள், மிதியடியில் சிறுநீர் போகிறாள். சாப்பாடு குறைந்துவிட்டது, வயிறு மட்டும் பெருத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சினை என்கிறார். எனக்குக் கிட்னியோ என்று பயம்.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததுமே போனில் சொல்லிவிட்டேன், இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயமில்லை இது. மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஆபரேஷன் செய்யாத வயதான பூனை, கத்தி அடங்கிச் சில வாரத்தில் இப்படி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கர்ப்பப்பையில் சீழ். ஆண் பூனை சேரவே இல்லையே என்பீர்கள். சேராமலே சில பூனைகளுக்குக் கருமுட்டை வெளியாகிவிடும், அதன்பின் சுரக்கிற ஹார்மோனால் கர்ப்பப்பைச் சுவர் தடித்து, கிருமி உள்ளே தங்க வசதியாகிவிடுகிறது. அந்தக் கிருமியின் விஷம் சிறுநீரகத்தையும் கெடுப்பதால்தான் அவ்வளவு தாகம், அவ்வளவு சிறுநீர்.

சீழ் வெளியே வந்தாலும் நம் கண்ணில் படாது, பூனை நக்கித் துடைத்துவிடும். பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறதா என்று பாருங்கள். படுக்கிற இடத்தில் பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்து வையுங்கள், பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ கறை படிந்து நாற்றம் அடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கறையே இல்லாமல் வயிறு மட்டும் பெருத்தால் இன்னும் ஆபத்து, கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கலாம். ஸ்கேன் எடுத்தால் சினையா சீழா என்று தெரிந்துவிடும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை.

11 வயதில் மயக்க மருந்து தாங்குமா என்று போனில் கேட்டீர்கள். பயம் நியாயம்தான். ரத்தப் பரிசோதனை செய்து, டிரிப்ஸ் ஏற்றித் தேற்றிய பிறகுதான் கர்ப்பப்பையை எடுப்பார்கள். உள்ளே சீழை விட்டுவைப்பது அந்த மயக்க மருந்தைவிடப் பெரிய ஆபத்து.

கிட்னி என்று நீங்கள் நினைத்ததிலும் தப்பில்லை, வயதான பூனைகளுக்கு அதுவும் சகஜம். மண் டப்பாவை அள்ளும்போது கவனியுங்கள். சிறுநீர் பட்டு இறுகிய மண் கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிசு பெரிசாக விழுந்தால், கர்ப்பப்பைச் சீழ் போலவே கிட்னியோ சர்க்கரை வியாதியோகூடக் காரணமாக இருக்கலாம். சுண்டைக்காய் அளவில் நிறைய விழுந்து, முக்கி முக்கிக் கத்தினாலோ ரத்தம் கலந்தாலோ சிறுநீர்ப்பையில் கோளாறு. இளம் பூனைக்குப் பெரும்பாலும் கிருமி இல்லாமலே அப்படி வரும், 10 வயதுக்கு மேல் கிருமியும் காரணமாக இருக்கலாம் என்பதால் சிறுநீரைக் கல்ச்சர் (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை) பார்த்துவிட்டு மாத்திரை கொடுப்பதே சரி. முக்கியும் சொட்டுகூட வரவில்லையா, உடனே ஓடுங்கள்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம், அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும். கத்தாமல் இருக்கப் போடுகிற ஹார்மோன் ஊசியும் வேண்டாம். கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதற்கும் மடியில் கட்டி வருவதற்கும் அதுவே வழி செய்கிறது. அப்புறம், மடியில் வாரம் ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள், பச்சைப்பயறு அளவில் ஏதாவது தட்டுப்பட்டால்கூடக் காட்டிவிடுங்கள், ஏனென்றால் பூனைக்கு மடியில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான்.